கல்லில் இல்லாத கதவு

என் கணவர் பொய் சொல்லுவார். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவர் பஸ் ஓட்டுநர் என்று சொல்வதுபோலத்தான் இதையும் சொல்கிறேன். காலம் பூராவும் ஒரே தடத்தில் பஸ்ஸைக் கீறல் விழாமல் நேராக ஓட்டியவர், வாயைத் திறந்தால் மட்டும் சந்துபொந்து ஒன்று விடமாட்டார். கடைக்குப் போய் வெங்காயம் வாங்கி வரச் சொன்னால் வெங்காயத்தோடு ஒரு கதையும் வரும். வெங்காயத்தில் பாதி அழுகல் இருக்கும். கதையில் இருக்காது.

என் அண்ணன் இதற்கு நேர் எதிர். நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்தார். உண்மையைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் வராது. அந்த உண்மையும் அளந்துதான் வரும். எங்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கடைசியில் அதுவே அவர் பெயராகிவிட்டது. அண்ணிகூடக் கோபம் வந்தால், "செயலாளர் சாப்பிட வரலாமா, இல்ல தீர்மானம் போடணுமா?" என்றுதான் கேட்பாள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் ஆட்கள் ஒரு பெருவெள்ளத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகள். இன்றைக்குத் தெருவில் பார்த்தால் யாருக்கும் எங்களை அடையாளம் தெரியாது. எல்லாரையும்போல வேலைக்குப் போகிறோம், வருகிறோம், வாடகை ஏறினால் புலம்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயில் பாதை ஓரத்தில் இருந்த பழைய கிடங்கு ஒன்றில் கூடுவோம். அதுதான் எங்கள் சங்கம். முன்பக்கம் ஆண்கள் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்துவார்கள். நடுவில் எல்லாருக்கும் சாப்பாடு. பின்பக்கம் நீளமான ஒரு சிமெண்ட் தொட்டியும் ஒரே ஒரு குழாயும். சாப்பிட்ட எவர்சில்வர் தட்டெல்லாம் அங்கேதான் வந்து குவியும்.

அதைக் கழுவ யார் வருவார்கள்? பெண்கள் நாங்கள் சமைத்தே ஓய்ந்திருப்போம். ஆண்களுக்குத் தீர்மானம் நிறைவேற்றுகிற வேலை இருக்கும். அதனால் என் கணவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். பிள்ளைகளைக் கூப்பிடுவார்.

"கழுவுறது நான். தொடைக்கிறது நீங்க. தட்டு தீர்ற வரைக்கும் கதை. தட்டு தீர்ந்தா கதையும் காலி."

அவ்வளவுதான் ஒப்பந்தம். பிள்ளைகள் துண்டைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடும். வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத பிள்ளைகள் அங்கே துண்டுக்கு அடித்துக்கொள்ளும். கதை சூடுபிடித்துவிட்டால், தட்டு தீர்ந்துவிடப் போகிறதே என்று, துடைத்த தட்டையே யாருக்கும் தெரியாமல் திரும்பத் தொட்டிக்குள் நழுவவிடுவார்கள். அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல அதை மறுபடி எடுத்துக் கழுவுவார். எங்கள் சங்கத்துத் தட்டுகளில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

கதை எப்போதும் ஒன்றுதான். நாங்கள் இந்த ஊருக்கு வந்த கதை. வெள்ளம் வருகிறது. ஆளாளுக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருவர் நெல்மூட்டை, ஒருவர் கோழிக்கூடு. என் கணவரின் கொள்ளுத்தாத்தா மட்டும் நிதானமாக வீட்டுக் கதவைக் கழற்றி முதுகில் ஏற்றிக்கொள்கிறார். "ஏய்யா, வீடே போச்சு, கதவு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். "வீட்டை எங்க வேணாலும் கட்டிக்கலாம். கதவு பழகின கதவா இருக்கணும்" என்கிறார் அவர். இது ஆரம்பம்.

முடிவும் எனக்குத் தெரியும். இந்த நகரத்து எல்லையில் ஓர் அதிகாரி அவர்களை மறிக்கிறார். "விலாசம் இல்லாதவங்களை உள்ள விடமுடியாது." கொள்ளுத்தாத்தா அந்தப் பொட்டல்வெளியில் கதவை நட்டுவைத்து, அதைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போய், சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார். அதிகாரிக்கு வேறு வழி தெரியவில்லை. வந்து கதவைத் தட்டுகிறார். "யாரது? என்ன வேணும்?" என்று உள்ளேயிருந்து அதட்டல் வருகிறது. "இல்லைங்க... உள்ள வரலாமாங்க?" என்று கேட்கிறார் அதிகாரி. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பில் முன்பக்கம் கூட்டம் நின்றுபோகும். அண்ணன் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார். "மாப்பிள்ளை, கொஞ்சம் சத்தம் கம்மியா!" என்பார்.

இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆறு உண்டு. அந்தக் கதவைத் தெப்பமாக்கி எல்லாரும் ஆற்றைக் கடக்கிறார்கள். அதுதான் கதையின் பெரிய பங்கு. தட்டு அதிகமானால் ஆறு அகலமாகும். ஏதாவது ஒரு வாரம் கூட்டம் குறைந்து தட்டும் குறைந்தால் ஆறு வற்றிப் போயிருக்கும். கதவின் மேல் யார் யார் ஏறினார்கள், யார் ஏற மறுத்தார்கள் என்பதெல்லாம் வாரத்துக்கு ஒரு விதம். தொட்டியைச் சுற்றி எந்தப் பிள்ளை முகம் வாடி நிற்கிறதோ, அந்தப் பிள்ளையின் வீட்டு முன்னோர் அன்றைக்குக் கதவின் மேல் ஏறித் துடுப்புப் போடுவார்.

"அந்தக் கதவு இப்ப எங்க மாமா?" என்று கடைசியில் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்.

"உங்க வீட்ல எந்தக் கதவு தெறக்கும்போது முனகுது?"

"குளியலறைக் கதவு!"

"அதேதான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

பிள்ளைகள் அவரைக் கதவு மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வரும்போது அவர் விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும். முகம் பூரித்திருக்கும். "இன்னைக்கு ஆறு ரொம்ப அகலம்" என்பார். "ஆமா, ஆமா, சட்டையைக் கழட்டுங்க, ஈரம்" என்பேன் நான். கேட்டிருக்கலாம். இன்றைக்கு யார் ஏறினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கிற மனிதர்தானே, எங்கே போய்விடப் போகிறார் என்றிருந்தேன்.

பிறகு நகர நிர்வாகத்தில் ஒரு திட்டம் வந்தது. சிறு சமூகங்கள் தங்கள் பண்பாட்டைக் காத்துக்கொள்ளக் கட்டடமும், வளரும் பிள்ளைகளுக்குப் படிப்பு வசதியும் தருகிற திட்டம். அண்ணன் அதற்காக ராப்பகல் அலைந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி அம்மாள் ஒருவர் கிடங்குக்கு வந்தார். நல்ல மனுஷி. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கல்லாம் இந்த ஊருக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவன் கதவின் மேல் ஏழு பேர் என்றான், ஒருத்தி எழுபது பேரும் ஓர் ஆடும் என்றாள். அந்த ஆடு தன் வீட்டு ஆடு என்று இன்னொருவன் சண்டைக்குப் போனான். அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அண்ணனிடம், "கதை பிரமாதம். வரலாறு ஏதாவது இருக்கா?" என்றார். அதில் கிண்டல் இல்லை. ஆனாலும் என் அண்ணன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

அண்ணன் விடுப்புப் போட்டுவிட்டுப் பழைய ஆவணங்களைத் தோண்டப் போனார். கண்டுபிடித்தும் விட்டார். எங்கள் முன்னோர் அரசாங்க அனுமதியோடு சரக்கு ரயிலில் வந்து இறங்கினார்களாம். யாரும் மறிக்கவில்லை. கதவு இல்லை.

"ஆத்தைக்கூட யாரும் தெப்பத்துல கடக்கலம்மா. பாலத்து மேல ரயில்ல வந்திருக்காங்க" என்றார் என்னிடம். அவ்வளவு தூரம் தேடி அதைத்தான் கண்டுபிடித்தோமே என்று அவருக்கே கொஞ்சம் வருத்தம்போல இருந்தது.

அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தையல் இயந்திரத்தில் யாருக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். கணவர் பணிமுடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மச்சான். தங்கச்சியையே குடுத்திருக்கீங்க, நான் என்னத்தை இல்லைன்னு சொல்லப்போறேன்?"

"அந்தக் கதவைக் கொஞ்ச நாளைக்கு எறக்கி வைங்களேன்."

என் கணவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"இடம் கைக்கு வர்ற வரைக்கும்தான் மாப்பிள்ளை. பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னா நம்மளை எவன் மதிப்பான்? நாளைக்கு அதுங்க படிக்கணும், மேல வரணும். ஊர் பேர் தெரியாத கூட்டம்னு எவனும் சொல்லிடக் கூடாது. அதுக்குத்தான் கேக்கறேன்."

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டமே. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"கொஞ்ச நாள்தானே மச்சான். இவ்வளவு நாளா தூக்கிட்டே நிக்கறோம், தோளும் வலிக்குது. எறக்கி வைப்போம்" என்றார்.

இடம் கிடைத்தது. கட்டடம் எழுந்தது. நான் ஏதோ பொல்லாத கட்டடம் என்று சொல்ல வரவில்லை. அங்கே மாலை வகுப்பு நடக்கிறது, நூலகம் இருக்கிறது. அதில் படித்துத்தான் எங்கள் பெண்களில் சிலர் செவிலியரானார்கள், ஒருத்தி வழக்கறிஞரானாள். அதெல்லாம் அண்ணன் செய்த புண்ணியம். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு கருங்கல் பலகை. அதில் அண்ணன் எழுதிய வரிகள்: "பெருவெள்ளத்திற்குப் பின் நம் முன்னோர் அரசின் அனுமதியுடன் சரக்கு ரயிலில் இந்நகரம் வந்தடைந்தனர். தம் உழைப்பாலும் ஒற்றுமையாலும் வாழ்வை மீண்டும் அமைத்துக்கொண்டனர். அவர்தம் வழியில் நாமும் நடப்போம்." இரண்டு மூச்சில் படித்துவிடலாம்.

புதுக் கட்டடத்தில் சாப்பாடு வெளியிலிருந்து வந்தது, காகிதத் தட்டில். சாப்பிட்டதும் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். பெண்கள் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! பழைய எவர்சில்வர் தட்டுகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டோம். நானே கைகொடுத்து ஏற்றினேன்.

ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகள் என் கணவரைச் சுற்றி வந்தார்கள். "கதவு, மாமா?" அவர் வாயில் விரலை வைத்து, கண்ணால் கல்லைக் காட்டுவார். அதையும் ஒரு விளையாட்டாகத்தான் செய்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். அவருக்கு மனத்தாங்கல் வந்துவிடக் கூடாதென்று அண்ணன் ஒரு மரியாதை செய்தார்: வருடா வருடம் ஆண்டு விழாவில் கல்லில் உள்ளதை உரக்கச் சொல்ல வேண்டியவர் என் கணவர்தான், அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போய் ஓர் எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டு வருவார். அந்த மனிதர் ஒரே விஷயத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்லி நான் பார்த்தது அங்கேதான்.

"கட்டடம்தான் வந்துடுச்சே. இனிமே சொல்ல வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எறக்கச் சொன்ன மச்சானே தூக்கச் சொல்லட்டும்."

"அவருக்கு ஞாபகம் இருக்காதுங்க. நீங்களே ஆரம்பிங்க."

"கை ஈரமில்லாம எனக்கு அது வரலடி" என்றார்.

ரோஷக்காரர். கேட்டு வாங்க மாட்டார். அண்ணனோ தான் கொஞ்ச நாள் என்று சொன்னதையே மறந்துபோனார். எனக்கு நினைவிருந்தது. நான் போய் அண்ணனிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இரண்டு பேர் நடுவில் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அந்தக் கொஞ்ச நாளை யாருமே முடித்துவைக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர். ஒருநாள் சோப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். நான் கேட்டபோது, "வேர்க்குதுன்னு சொல்லிச்சு" என்றார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். அவர் கடைசியாகச் சொன்ன பொய் அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் வெறும் தடுமாற்றம்.

போன மாதம் அண்ணன் வந்தார், கையில் ஒரு சாக்கோடு. உள்ளே கலகலவென்று சத்தம். கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அவருக்கும் வயதாகிவிட்டது.

"என்னண்ணே இது?"

"தட்டும்மா. பரண்ல இருந்ததுல கொஞ்சம்."

விஷயம் இதுதான். அண்ணனின் பேத்தியைப் பள்ளியில் அவளுடைய குடும்பம் வந்த கதையைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கல்லில் உள்ளதை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். ஆசிரியை நன்று என்றிருக்கிறார். அடுத்து வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு நீளக் கதை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம், "தாத்தா, நம்ம கதை மட்டும் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்டாளாம்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா, "சின்னதா? கதவு மாமா சொல்லிக் கேக்கணுமே!" என்று சிரித்துக்கொண்டே கொள்ளுத்தாத்தா கதவைக் கழற்றியதைச் சொல்லியிருக்கிறான். பிள்ளை கண்ணை விரித்துக்கொண்டு "அப்புறம்?" என்றிருக்கிறாள். ஆற்றங்கரை வந்ததும் அவனுக்கு ஓடவில்லை. கூட வளர்ந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறான். ஒருவனுக்கு ஆடு நினைவிருந்தது. வழக்கறிஞருக்குத் துடுப்பு நினைவிருந்தது. எல்லாருக்கும் தாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது நினைவிருந்தது. எதற்குச் சிரித்தோம் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. வாரா வாரம் மாறுகிற கதையை யார் மனப்பாடம் செய்வார்கள்?

"பேத்தி அந்த மூஞ்சியோட என்கிட்ட எதையும் கேட்டதே இல்லம்மா" என்றார் அண்ணன். பிறகு கைபேசியை எடுத்துப் பதிவுசெய்கிற பொத்தானை அமுக்கி மேசைமேல் வைத்துவிட்டு, என் கணவரின் முன்னால் போய் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, நாம இந்த ஊருக்கு எப்படி வந்தோம்? சொல்லுங்க."

என் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். எழுந்து நின்றார். கணீரென்று ஆரம்பித்தார்.

"பெருவெள்ளத்திற்குப் பின் நம் முன்னோர் அரசின் அனுமதியுடன் சரக்கு ரயிலில் இந்நகரம் வந்தடைந்தனர்..."

ஓர் எழுத்து பிசகவில்லை. முடித்துவிட்டு, நாங்கள் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தார். அண்ணன் கைபேசியை நிறுத்தக்கூட மறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைச் செருப்பால அடிக்கணும்மா" என்றார் என்னிடம்.

"எழுந்திருங்கண்ணே. தட்டு எதுக்குக் கொண்டாந்தீங்க?"

சமையலறைத் தொட்டியில் தட்டுகளைப் போட்டோம். கணவரை அழைத்துவந்து நிறுத்தினேன். தண்ணீரைத் திறந்ததும் அவர் கை தானாகத் தேய்க்க ஆரம்பித்தது. அதே வட்டம், அதே அழுத்தம். அண்ணன் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. கை ஈரமாகத்தான் இருந்தது. வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். துண்டை என் கணவர் கையில் கொடுத்து, அவரை மெதுவாக நகர்த்திவிட்டுத் தான் தொட்டி முன்னால் நின்றார். எனக்குத் தெரிந்து என் அண்ணன் வாழ்க்கையில் கழுவிய முதல் தட்டு அது.

"நம்ம ஊர்ல வெள்ளம் வந்துச்சு" என்றார். அறிக்கை வாசிக்கிற குரல்தான். "ஆளாளுக்குக் கெடைச்சதைத் தூக்கிட்டு ஓடினாங்க. ஒருத்தர் மட்டும் கதவைக் கழட்டினாரு."

"கதவையா?" என்றார் என் கணவர்.

"ஆமா மாப்பிள்ளை. கதவை."

என் கணவர் சிரித்தார். எத்தனை காலம் கழித்து அந்தச் சிரிப்பு! தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். "அப்புறம்?"

"அப்புறம்... அதை முதுகில சொமந்துகிட்டு நடந்தாரு. எல்லாரும் பின்னாடியே போனாங்க. ஓர் ஆறு வந்துச்சு. பெரிய ஆறு."

"அப்புறம்?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தொட்டிக்கு நாலடி தள்ளி அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு நின்றவள் நான். எல்லை தெரியும், அதிகாரி கதவைத் தட்டியது தெரியும். கதவு தெப்பமானதுகூடத் தெரியும். அதில் யார் ஏறினார்கள், ஆற்றில் என்ன நடந்தது, அது எனக்குத் தெரியாது. இல்லையென்று தலையாட்டினேன். ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்றால், என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கும் வரவில்லை.

தொட்டியில் தட்டு தீர்ந்துவிட்டது. அண்ணன் குழாயை மூடப்போனார். என் கணவர் காலித் தொட்டியைப் பார்த்தார். என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்து, யாருக்கும் தெரியாமல், சத்தம் வராமல் தண்ணீருக்குள் நழுவவிட்டார்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காதவர்போல அந்தத் தட்டை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார்.